புழுதி பறந்த நடுப்பக்கம்

ஒரு பக்கத்தில் கொஞ்சம் காலியிடம் விடுவது எவ்வளவு பெரிய போராட்டம் என்பது, காலியிடத்தைக் கண்டால் உடனே நான்கு மூலையிலும் கல் நட்டு பிளாட் போட்டுவிடும் ஊரில் பிறந்தவர்களுக்குத்தான் தெரியும். நான் திருச்செங்கோட்டில் பிறந்தவள்.

இதை எழுத உட்கார்ந்ததும் அம்மா எட்டிப் பார்த்து, "அந்தக் கதையா? செஞ்சது தப்புன்னு மொதல்லயே போட்டுரு சாமி" என்றாள். போட மாட்டேன். அந்தப் பக்கம் நல்ல பக்கம். அன்றைக்கும் நல்ல பக்கம், இன்றைக்கும் நல்ல பக்கம். ஒரு மண்டபமே சிரித்தது என்பதற்காக அது கெட்ட பக்கம் ஆகிவிடாது. (சத்தீஸ்கரிலும் சிரித்தார்கள். அதைப் பிறகு சொல்கிறேன்.)

எங்கள் ஊரைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கே தெருவுக்குத் தெரு ரிக் வண்டிக்காரர்கள்தான். போர்வெல் போடும் வண்டிதான் ரிக். வண்டிகள் ஊரில் நிற்பதில்லை. சத்தீஸ்கர், ராஜஸ்தான் என்று கிளம்பிப் போய், அங்கே பாறையைத் துளைத்துக்கொண்டிருந்துவிட்டு, மழைக்காலத்தில் சர்வீஸுக்கும் ஆயுத பூஜைக்கும் வீடு திரும்பும். என் அப்பாவிடமும் ஒரு பழைய வண்டி இருந்தது. அப்பாவை நான் பார்த்ததைவிட அவர் போன் குரலைக் கேட்டதுதான் அதிகம்.

ரிக் உரிமையாளர்களுக்கு ஒரு சங்கம். சங்கத்துக்கு ஆண்டுதோறும் ஒரு மலர். அதில் அப்பாவின் முகம் கடைசிப் பக்கங்களில், உறுப்பினர் பட்டியலில், ஸ்டாம்பு அளவில் வரும். ஒரு வருடம் அவர் முகத்துக்குக் கீழே வேறு யாருடைய பெயரோ வந்தது. அடுத்த வருடம் பெயர் சரியாக வந்தது, முகம் வேறு யாருடையதோ. அப்பா கோபப்படவே இல்லை. கோபப்பட்டதெல்லாம் நான்தான்.

நான் கோயம்புத்தூரில் டிசைன் படித்து முடித்து வந்த வருடம், அப்பா கடன் உடன் எல்லாம் பட்டு ஒரு புது ரிக் வாங்கினார். சத்தீஸ்கரிலிருந்து போன் செய்தார்.

"சாமி, இந்த வருசம் மலர்ல நடுப்பக்கம் ரெண்டும் நமக்குன்னு சொல்லிட்டேன். நீதான் போடோணும். இத்தன வருசம் ஸ்டாம்பு சைசுலயே இருந்துட்டேன். நாலு பேரு திரும்பிப் பாக்கற மாதிரி போட்டுரு."

"போட்டர்றேன்ப்பா" என்றேன். அப்போதே ஒரு முடிவும் எடுத்தேன். இதுவரை வந்த ரிக் விளம்பரம் எதைப்போலவும் இது இருக்காது.

ரிக் விளம்பரம் எப்படி இருக்கும் என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஓரம் முழுக்க ரோஜாப்பூ. இடது மேல் மூலையில் பிள்ளையார், வலது மேல் மூலையில் எங்கள் மலைக்கோயில். நடுவில் வெள்ளைச் சட்டையில் கைகூப்பிய உரிமையாளர். அவருக்குப் பின்னால், மாலையும் சீரியல் லைட்டும் போட்ட அவருடைய அப்பா படம். மஞ்சள் விளிம்பு கட்டிய சிவப்பு எழுத்தில் போன் நம்பர்கள். வண்டி ஒன்று. வண்டிக்குப் பக்கத்தில், தென்னை மர உயரத்துக்குப் பீய்ச்சி அடிக்கும் தண்ணீர். அந்தத் தண்ணீர் ஒரே தண்ணீர். இணையத்தில் எங்கிருந்தோ ஒருவர் வெட்டி எடுத்து, அவரிடமிருந்து இன்னொருவர் எடுத்து, வருடக்கணக்காக எல்லா வண்டிக்கும் அதே தண்ணீர்தான் பாய்கிறது. ஓர் எறும்பு அந்தப் பக்கத்தைக் கடக்க வேண்டுமென்றால் சந்து தேடித்தான் கடக்க வேண்டும்.

எங்கள் கல்லூரி ஆசிரியர் ஒருவர் எப்போதும் சொல்வார்: "மொழி தெரியாதவன் பார்த்தாலும் விஷயம் புரிந்துவிட வேண்டும். அதுதான் பக்கம்." நான் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டவள். (இந்த ஆசிரியர்மீதும் எனக்கு இன்றுவரை கோபம் உண்டு.)

வேலையை ஆரம்பித்தேன். வீட்டில் கிடந்த பழைய கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கத்தில் பென்சிலால் கட்டம் கட்டமாக வரைந்தேன். முதல் யோசனை: பக்கத்தின் உச்சியிலிருந்து அடிவரை குழாய்போல ஒரே ஒரு மெல்லிய பத்தி, படிக்கப் படிக்க பூமிக்குள் இறங்குவதுபோல. அற்புதமான யோசனை. ஆனால் எழுதுவதற்கு அப்பா பெயரும் போன் நம்பரும் தவிர ஒன்றும் இல்லை. குழாய் இரண்டு வரியில் முடிந்துவிட்டது. இரண்டாவது யோசனை: பூமியை வெட்டிக் காட்டும் படம், மண் ஒரு நிறம், சரளை ஒரு நிறம், பாறை ஒரு நிறம். போட்டுப் பார்த்தேன். பேக்கரி விளம்பரம்போல இருந்தது. மூன்றாவதாக, துளைக்கும் ராடுகளை வரிசையாக நிறுத்தி, அந்தக் கோடுகளையே பக்கத்தின் அளவுக்கோடுகளாக வைத்தேன். ஜன்னல் கம்பி விற்கிறவர் என்று நினைத்துவிடுவார்கள்.

அதற்குப் பிறகு சில நாட்கள் ஒன்றும் வரவில்லை. பக்கம் வடிவமைப்பதில் பெரும்பகுதி இதுதான், சும்மா உட்கார்ந்திருப்பது. இதை எந்த வீட்டிலும் யாருக்கும் புரியவைக்க முடியாது.

"மோட்டுவளையவே பாத்துட்டு உக்கார்றதுக்குப் பேரு வேலையா சாமி? இத ஊட்ல இருந்தே செஞ்சிருக்கலாமே, காலேசு எதுக்கு?" என்றாள் அம்மா.

அந்த நேரத்தில், பாக்கிப் பணம் வசூலிக்க அப்பா சத்தீஸ்கரிலேயே தங்கிவிட, முன்னதாக ஊர் திரும்பிய எங்கள் பழைய வண்டி, ஆத்தூரைத் தாண்டி கெங்கவல்லிப் பக்கம் ஒரு தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்தது. ஆபரேட்டர் செல்வம் அண்ணன்தான் பொறுப்பு. நிஜ வண்டியையாவது பார்ப்போம் என்று கேமராவைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய ஆரம்பித்திருந்தது. மரவள்ளிக் காட்டுக்கு நடுவே வண்டி நின்றது. ராடு பாறைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. கம்ப்ரசர் காற்று, பொடிந்த பாறையை எல்லாம் வெள்ளைப் புழுதியாக மேலே தூக்கி வீசியது. அந்தப் புழுதி விரிந்து பரவி, சாயங்கால வெயில் அதற்குள் புகுந்து, பாதி வானம் பொன்னாக மாறியது. அதற்கு முன்னால் கருப்பு நிழலாக செல்வம் அண்ணனின் முதுகு. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்தேன். தோட்டத்துக்காரர் வரப்பில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். அவர் வெயிலுக்குக் கைவைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடி வந்துவிட்டேன். தண்ணீர் வந்ததா என்று ஒரு வார்த்தை நான் கேட்கவில்லை. எனக்கு வெளிச்சம் வந்துவிட்டது, அது போதும் என்று இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் எல்லாம் தானாக அமைந்தது. ஒரே படம், இரண்டு பக்கம் முழுக்க. ராடு நிற்கும் கோட்டைச் சரியாக மலரின் மடிப்பில் வைத்தேன். மலரைத் தைக்கும் ஸ்டேப்ளர் பின், ராடு பூமிக்குள் இறங்கும் இடத்தில் குத்தும். (இதைக் கண்டுபிடித்தபோது தனியாக எழுந்து நின்று கைதட்டிக்கொண்டேன்.) இரண்டு பக்கமும் புழுதி சிறகாக விரியும். மேலே எதுவும் கிடையாது. ரோஜாப்பூ கிடையாது, கைகூப்பு கிடையாது. கீழே வலது மூலையில் சின்ன எழுத்தில் அப்பா பெயர், அதைவிடச் சின்ன எழுத்தில் ஒரே ஒரு போன் நம்பர். இடது பக்கம், புழுதியின் நிறத்திலிருந்தே எடுத்த நிறத்தில், ஒரு வரி. ஐந்து வார்த்தையில் தொடங்கி, மூன்றாக்கி, கடைசியில் இரண்டாக்கினேன்:

இன்னும் ஆழமாக.

அந்த வரியை ஒரு நூல் இடது, ஒரு நூல் வலது என்று நகர்த்தியே ஒரு பகல் போனது. அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் அனுபவித்ததில்லை.

அம்மாதான் முதலில் பார்த்தாள். லேப்டாப்புக்கு முன்னால் குனிந்து நின்றாள்.

"உங்கப்பன் மூஞ்சி எங்க?"

"இந்தப் பக்கத்துக்கு மூஞ்சி வேண்டாம்மா."

"இது செல்வம் முதுகல்ல? நம்ம பக்கத்துல செல்வத்தோட முதுகு எதுக்கு?" மறுபடி குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்: "தண்ணி வரலியா?"

நான் அம்மாவை உட்காரவைத்து, காலியிடம் என்பது காலி அல்ல, கண் மூச்சுவிடும் இடம் என்று நெடுநேரம் விளக்கினேன். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு அடுப்பில் பால் இருப்பதாகச் சொல்லிப் போய்விட்டாள். அடுப்பில் பால் இல்லை.

அடுத்து சங்கத்தின் செயலாளர். அப்பாவுக்குத் தூரத்துச் சொந்தம், எனக்கு மாமா முறை. படத்துக்கு நிறம் சரிசெய்துகொண்டிருந்ததால், படம் வரும் இடத்தைச் சும்மா சாம்பல் நிறத்தில் விட்டு அமைப்பை மட்டும் அவருக்கு வாட்ஸாப்பில் அனுப்பியிருந்தேன். போன் வந்தது.

"ஏன் கண்ணு, பக்கம் பூரா வெறிச்சுனு கெடக்குதே. ரெண்டு பக்கம் வாங்கிப்போட்டு எதுக்குச் சும்மா உடோணும்? மேல பிள்ளையாரு, மலக்கோயிலு, அந்தப் பக்கம் உங்க தாத்தா படம் ஒண்ணு. அப்பறம் நம்ம தலைவரு படம். பாவம், எடம் இருக்குதுல்ல."

"இல்லீங்க மாமா, படம் ஒண்ணுதானுங்க. அப்பா இப்படித்தான் வேணும்னு சொல்லிட்டாருங்க."

இது முழுப் பொய். அப்பாவிடம் எதையும் காட்டக்கூடாது, விழாவில்தான் பார்க்க வேண்டும் என்று வைத்திருந்தேன்.

"உங்கப்பனா சொன்னாப்ல?" என்றார் மாமா. "செரி உடு. வடக்கயே ரொம்ப நாள் இருந்துட்டாப்ல, என்ன பண்றது."

இப்படியாக, ஊரில் ரிக் தெரிந்த ஓர் ஆண்மகன்கூட அந்தப் படத்தைப் பார்க்காமலே மலர் அச்சுக்குப் போனது.

ஆயுத பூஜையை ஒட்டி ஆண்டு விழா. அப்பா முந்தைய நாள்தான் ஊருக்கு வந்திருந்தார். மண்டபத்து வாசலில் புது வண்டி, வாழைக்கன்றும் சந்தனமுமாக நின்றது. உள்ளே நுழைகிற ஒவ்வொருவர் கையிலும் வெற்றிலைபாக்கு, லட்டு, மலர் போட்ட ஒரு பை. அப்பா புது வேட்டியில், தானே இன்னும் பிரித்துப் பார்க்காத மலரைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, வரிசை வரிசையாகப் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தார்:

"நடுப்பக்கம் பாருங்க. எம்புள்ள போட்டதுங்க. நடுப்பக்கம் பாருங்க."

பார்த்தார்கள். மண்டபமே நடுப்பக்கத்தைப் பிரித்தது. நான் தூணோரமாக நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாரும் திகைத்துப்போய் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு கணம், என் வாழ்க்கையின் மிகப் பெரிய வெற்றி அதுதான் என்று நினைத்தேன். என் உடம்பு சிலிர்த்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

முன் வரிசையில் ஒருவர் நிமிர்ந்தார். "ஏனுங்க, இது எத்தன அடீங்க?"

"தண்ணி எங்கீங்க?" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"வெறும் புழுதியா பறக்குதே. இதுல 'இன்னும் ஆழமாக'ன்னு வேற போட்டுருக்குதுங்க."

முதல் சிரிப்பு அங்கேதான் கிளம்பியது. போர் போட்டுப் பழகாதவர்களுக்காகச் சொல்கிறேன்: ராடு இறங்கும்போது வெள்ளைப் புழுதி பறந்தால் பாறையில் ஈரம் இல்லை என்று அர்த்தம். தண்ணீர் கண்டால் புழுதி சேறாகும், சேறு தண்ணீராகும். போருக்கு அடிக்கணக்கில் கூலி. புழுதி பறக்கப் பறக்க, ஆபரேட்டர் வந்து 'இன்னும் ஆழமாப் போலாமுங்களா' என்று கேட்பார். தோட்டத்துக்காரர் தலையில் கைவைக்கிற இடம் அதுதான். ரிக் வண்டிக்காரர் வீட்டில் பிறந்து, ரிக் காசில் படித்த எனக்கு இது தெரியாதா? தெரியும். சின்ன வயதிலிருந்தே தெரியும். படம் எடுத்தபோது மட்டும் எப்படி மறந்துபோனது என்றுதான் தெரியவில்லை.

அத்தோடு முடிந்திருக்கலாம். பின்வரிசையிலிருந்து ஆத்தூர்ப் பக்கத்து ஏஜெண்ட் ஒருவர் எழுந்தார். "இது நம்ம கெங்கவல்லி பாயிண்ட் ஆச்சே. நான் புடிச்சுக் குடுத்த வேலை இது. கடைசி வரைக்கும் பொட்டு ஈரம் வரல, மூடிட்டு வந்துட்டாங்க."

சிரிப்பில் மேடையில் இருந்த மைக் கிர்ரென்றது. மாமா மலரை வாங்கி முதல்முறையாக நடுப்பக்கத்தைப் பார்த்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மறுபடி மாட்டிக்கொண்டார். புது வண்டியில் முதல் போர் தன் தோட்டத்தில்தான் என்று அப்பாவிடம் வாக்குக் கொடுத்திருந்த மல்லசமுத்திரத்துக்காரர், "கொஞ்சம் யோசிச்சுச் சொல்றனுங்க" என்று செருப்பைத் தேடினார். அவர் கடைசிவரை யோசித்து முடிக்கவில்லை.

அப்பா அப்போதுதான் தன் மலரைப் பிரித்தார். நின்றபடியே வெகுநேரம் பார்த்தார். அவர் காத்துக்கிடந்த பக்கம். முகம் இல்லை, கைகூப்பு இல்லை, செல்வம் அண்ணனின் முதுகும் வறண்ட போரும்தான் இருந்தன.

"வெளிச்சம் நல்லாருக்குது சாமி" என்றார்.

திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. சாப்பாட்டுப் பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்து அழுதேன். அம்மா பாயசத்தை என் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னாள்: "தண்ணி வரலியான்னு கேட்டனே. நீதான் கண்ணு மூச்சுடோணும்ன."

எனக்கு ஆத்திரமாக வந்தது. அம்மா தெளிவாகச் சொல்லியிருக்கலாம். மாமா படத்தைக் கேட்டு வாங்கியிருக்கலாம். செல்வம் அண்ணன், 'தங்கச்சி, இது போர் இல்ல, இழவு' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதிலும் கெங்கவல்லிப் பூமி அன்றைக்குக் கொஞ்சம் தண்ணீர் விட்டிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? எல்லாரும் சேர்ந்து என்னை மாட்டிவிட்டார்கள் என்றுதான் நான் இன்றும் சொல்கிறேன்.

ஊரில் முதல் போர் கிடைக்காமல், அப்பா புது வண்டியை நேராக சத்தீஸ்கருக்கே ஓட்டிக்கொண்டு போனார். போகும்போது நடுப்பக்கத்தைக் கத்தரித்து, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டார். வேண்டாம் என்று கெஞ்சினேன். கேட்கவில்லை. சில வாரம் கழித்துப் போன் வந்தது. வண்டி பேச வந்த ஒரு விவசாயி, தமிழ் ஓரெழுத்து தெரியாதவர், உள்ளே எட்டி அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறார். அப்பாவைப் பார்த்திருக்கிறார். இரண்டு கையையும் விரித்து, 'பானி?', தண்ணீர் எங்கே, என்று கேட்டிருக்கிறார். வண்டியில் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்களாம்.

"உன்ற பக்கம் இந்திக்காரருக்கும் புரிஞ்சிருச்சு சாமி" என்றார் அப்பா.

மொழி தெரியாதவன் பார்த்தாலும் புரிந்துவிட வேண்டும் என்று சொன்ன ஆசிரியரை அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். நான் இதுவரை போட்ட பக்கங்களிலேயே அந்தச் சோதனையில் தேறியது அது ஒன்றுதான்.

அதிலிருந்து எங்கள் வண்டிகளில் ஒரு பேச்சு நிலைத்துவிட்டது. அப்பா போன் செய்து வேலை எப்படி என்று கேட்டால், தண்ணீர் காணாத இடத்தில் செல்வம் அண்ணன், "இன்னும் அக்கா பக்கந்தானுங்க ஓடுது" என்பார். வயதில் என்னைவிட மூத்தவர், அவரும் அக்கா என்றுதான் சொல்கிறார். தண்ணீர் வந்துவிட்டால், "பக்கம் மாறிருச்சுங்க." என்னைப் பார்த்தே இராத பையன்கள்கூட, ராஜஸ்தானில் எங்கோ நின்றுகொண்டு, புழுதியைப் பார்த்து என்னைத் திட்டுகிறார்கள்.

இப்போது திருச்செங்கோட்டிலேயே எனக்குச் சொந்தமாக ஒரு டிசைன் கடை இருக்கிறது. என்ன வேலை வரும் என்று நினைக்கிறீர்கள்? ரிக் விளம்பரம்தான். ரோஜாப்பூ போடுகிறேன். பிள்ளையார் போடுகிறேன். அந்தப் பழைய தண்ணீரையே வெட்டி ஒட்டுகிறேன். காலியிடம் என்று வாயைத் திறந்தால், "அம்மிணி, நீங்கதான அந்தப் புழுதிப் படம் போட்டது?" என்று கேட்கிறார்கள். நான் வாயை மூடிக்கொண்டு இன்னொரு ரோஜாப்பூ வைக்கிறேன்.

போன வருடம் நானும் என் வீட்டுக்காரரும் ஊருக்கு வெளியே ஓர் இடம் வாங்கினோம். போர் போட அப்பாவே புது வண்டியைக் கொண்டுவந்தார், செல்வம் அண்ணன் ஆபரேட்டர். அம்மாவும் வந்திருந்தாள். காலையில் ஆரம்பித்தது. புழுதி. மத்தியானம் ஆயிற்று. புழுதி. ஒவ்வொரு ராடாக உள்ளே போய்க்கொண்டே இருந்தது. செல்வம் அண்ணன் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, 'அக்கா பக்கம்' என்று சொல்லவும் இல்லை. அது சொன்னதைவிட மோசமாக இருந்தது. பொழுது சாய்ந்தது. வெயில் புழுதிக்குள் புகுந்தது. கெங்கவல்லியில் பார்த்த அதே பொன் நிறம். அந்த மரவள்ளிக் காட்டுக்காரரைப்போல நானும் தலையில் கைவைத்து வரப்பில் உட்கார்ந்திருந்தேன். அப்போதும் அது அழகாகத்தான் இருந்தது. அதுதான் எனக்கு ஆத்திரம்.

கம்ப்ரசர் சத்தத்தில் அப்பா என் காதருகே குனிந்து கத்தினார்.

"படம் எடுத்துக்க சாமி. வெளிச்சம் நல்லாருக்குது."

நான் கேமராவைத் தொடவில்லை. அடுத்த ராடு பாதி இறங்கியபோது புழுதி கொஞ்சம் கருத்தது. பிறகு சேறாகத் தெறித்தது. பிறகு தண்ணீர். நான் என்ன செய்தேன் என்று எனக்கு நினைவில்லை, கையில் இருந்த போனில் ஏதோ அமுக்கியிருக்கிறேன்.

அந்தப் படம் இப்போது என் கடைச் சுவரில் பெரிதாகத் தொங்குகிறது. கோணல். பாதி அம்மாவின் முகம், ஓரத்தில் என் கட்டைவிரல், மீதியெல்லாம் தண்ணீர். ஒரு விரற்கடை காலியிடம் இல்லை. வருகிறவர்கள் எல்லாரும், "இதே தண்ணியப் போட்டுருங்க அம்மிணி" என்கிறார்கள். எடுத்தது யார் என்று கேட்டால், மானம் போகிறதே என்று அப்பாவைக் கைகாட்டிவிடுவேன். கடையில் இருந்தால் அவரும் மறுக்க மாட்டார்.

"ஆமாங்க, நாந்தான் எடுத்தேன்" என்பார். "வெளிச்சந்தான் கொஞ்சம் பத்தலீங்க."